முகாமில் இருக்கும் பட்டதாரிக்குப் படிப்புக்கேற்ற வேலை: உதவ நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காவிரி டெல்டாவின் தலைப்பகுதியான திருச்சியில், கொட்டப்பட்டிலும் வாழவந்தான்கோட்டையிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. முதலாவது விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. இரண்டாவது துவாக்குடித் தொழிற்பேட்டைகளுக்குப் பக்கத்தில். 1983க்குப் பிறகு பல கட்டங்களாக வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்குப் போய், இங்கேயே கல்லூரி முடித்திருக்கிறார்கள். பி.இ., பி.காம்., நர்சிங், ஆய்வகத் தொழில்நுட்பம் என்று படித்தவர்கள் முகாமில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் காலையில் பட்டிக் கரண்டியும் பிரஷுமாகப் பெயிண்டிங் வேலைக்குப் புறப்படுகிறார்கள். அது உழைத்துச் சம்பாதிக்கும் நல்ல வேலை. ஆனால் நான்கு ஆண்டுகள் எந்திரவியல் படித்தவருக்கு அதைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலை சரியானதல்ல. கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர், ஓய்வு பெற்ற பொறியாளர், ஆசிரியர், சிறு நிறுவனத்தை நடத்துபவர் என இந்த நிலையை மாற்றக் கை கொடுக்க நினைக்கும் எவருக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இளைஞர்களை நிறுவனங்கள் திருப்பி அனுப்புவதற்குத் திறமைக் குறைவு காரணமாவது அரிது. நேர்காணலில் தேறிவிடுவார்கள், முகவரிச் சான்றில் ‘முகாம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோகும். இவரை வைத்துக்கொண்டால் போலீஸ் வந்து கேள்வி கேட்குமா, வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் சிக்கல் வருமா, நாளைக்கே இவர் ஊரைவிட்டுப் போய்விடுவாரா என்ற அச்சம்தான் அங்கே நிற்கிறது. அந்த அச்சத்தை முன்கூட்டியே, எழுத்திலும் நேரிலும் போக்குவதுதான் உதவி செய்பவரின் முதல் வேலை. பயோடேட்டாவைத் திருத்திக் கொடுப்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

பிறந்த தேதியும் பிறந்த இடமும்

வேலை கேட்டு வருபவரிடம் பட்டத்தைக் கேட்பதற்கு முன்னால் பிறந்த தேதியையும் இடத்தையும் கேளுங்கள். அவருடைய பெற்றோர் எங்கே, எப்போது பிறந்தார்கள் என்பதையும் கேளுங்கள். முகாமில் இருப்பவர்கள் அனைவரும் சட்டப்படி வெளிநாட்டவர் என்று நாமாகவே முடிவு செய்துவிடுகிறோம். அது எப்போதும் உண்மையல்ல. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராக இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் ஆகிறார். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து பின்னர் கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், இதை முன்வைத்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடிக் கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் அளித்தார்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன் வரை பிறந்தவரானால், அவர் பிறந்தபோது தாய் தந்தை இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். எனவே 2003இல் பிறந்த ஓர் இளைஞரின் தாய் 1985இல் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்றால், அந்தத் தாயின் பிறப்புச் சான்றிதழ் மகனின் வாழ்க்கையையே திருப்பிவிடக்கூடிய காகிதம். அது மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கலாம், உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்கலாம்; தேடி எடுக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் இறுக்கமானது: ஒருவர் குடிமகனாக இருப்பது போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்படாதவராகவும் இருக்க வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்த குடும்பம் என்றால், இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் ஒரு பகுதியினருக்கு இந்தியக் குடியுரிமை தர ஒப்புக்கொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தாத்தாவோ பாட்டியோ இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த தாள், பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை ஏதேனும் பெட்டியின் அடியில் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வழக்குகளை நாமே நடத்த முடியாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். வழக்கு முடியும் வரை வேலை தேடுவதை நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

திறக்காத கதவுகள்

சில கதவுகள் இன்றைய நிலையில் திறக்காது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது இரக்கமான செயல். மாநில அரசுப் பணியும் பொதுத்துறை நிறுவனங்களின் நிரந்தரப் பணியும் பொதுவாகக் குடியுரிமையைக் கேட்கின்றன. சட்டம் படித்தவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் குறுக்கே நிற்கிறது. மருத்துவப் பதிவிலும் சிக்கல் வரலாம். அரசுத் தேர்வுக்கான பயிற்சி மையங்களில் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டு, விண்ணப்பத்தில் ‘குடியுரிமை’ என்ற கட்டத்தை எட்டும்போதுதான் உண்மை தெரிய வருவது பெரும் கொடுமை. அதைத் தடுக்க நம்மால் முடியும்.

குறுக்கு வழி காட்டுகிறேன் என்று வருபவரிடமும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லுங்கள். வெளி முகவரியில் வாக்காளர் அட்டையோ கடவுச்சீட்டோ எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகரை நம்பினால், கைது வரை போகும். நிறுவனத்தின் படிவத்திலும் குடியுரிமைக் கட்டத்தில் பொய்யை எழுதக் கூடாது. அதை எழுதச் சொல்லும் நிறுவனத்தில் சேராமல் இருப்பதே நல்லது.

கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அனைத்தையும் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள்: முகாம் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இருந்தால் பான் அட்டை, பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரையிலான சான்றிதழ்கள், முகாமுக்குப் பொறுப்பான தனி வட்டாட்சியரிடமிருந்து பெற்ற வசிப்பிடச் சான்று. முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழும் ‘வெளிப்பதிவு’ குடும்பம் என்றால் முகாம் அட்டைக்குப் பதில் அந்தப் பதிவுச் சான்று. பெயரின் ஆங்கில எழுத்துக்கள் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக இருப்பது மிகவும் சாதாரணம்; தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும் ஓரிடத்தில் முழுப் பெயராகவும் வரும். மூன்று தாள்களில் மூன்று விதம் என்றால் நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். அசல் சான்றிதழ்களை நேர்காணலில் காட்டலாம். வேலைக்குச் சேரும்போது பிடித்து வைத்துக்கொள்ள விடக் கூடாது. சில பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அந்தப் பழக்கம் உண்டு. முகாம்வாசிக்கு நகல் சான்றிதழ் வாங்குவது நம்மைவிடப் பல மடங்கு கடினம் என்பதால் இதில் பிடிவாதமாக இருங்கள்.

இலங்கையிலேயே படித்து வந்தவர்கள் இப்போது குறைவு. அப்படி ஒருவர் இருந்தால், க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளின் உறுதிப்படுத்திய படியை இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து உறவினர் மூலம் வாங்கலாம். தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் அதற்கு மேல், இந்தியப் படிப்புக்குச் சமம் என்று காட்டும் இணைத்தன்மைச் சான்று கேட்பதில்லை. மேற்படிப்பு, ஆசிரியப் பணி என்றால் மட்டும் அது முறைப்படி தேவைப்படும்.

பெயிண்டிங் செய்த ஆண்டுகளை மறைக்க வேண்டாம்

இந்தக் குறிப்புகளில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். எந்திரவியல் பட்டம் பெற்று ஐந்தாறு ஆண்டுகள் பெயிண்டிங் வேலைக்குப் போன ஓர் இளைஞரின் பயோடேட்டாவைப் பாருங்கள். பட்டம் பெற்ற ஆண்டு இருக்கும். அதற்குப் பிறகு வெற்றிடம். கேட்டால், “பெயிண்டிங்கைப் போட்டால் எடுக்க மாட்டார்கள் சார்” என்பார். அந்த வெற்றிடத்தைப் பார்க்கும் மனிதவள அலுவலர் மிக மோசமானதையே கற்பனை செய்துகொள்கிறார்.

துவாக்குடியைச் சுற்றியுள்ள நிறுவனங்கள் கொதிகலன் பாகங்களையும் கனமான இரும்புச் சட்டங்களையும் செய்து அனுப்புகின்றன. 1960களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனம் (பெல்) வந்ததிலிருந்து வளர்ந்த தொழில் இது. அங்கே வெல்டிங் முடிந்த ஒவ்வொரு பாகமும் மணல் வீச்சு அறைக்குப் போய், பெயிண்ட் அடித்து, அளந்து பார்த்த பிறகே லாரி ஏறும். வாடிக்கையாளரின் ஆய்வாளர் வந்து, பரப்பு ‘எஸ்.ஏ. இரண்டரை’ (Sa 2½) என்ற தூய்மைத் தரத்துக்குச் சுத்தமாகியிருக்கிறதா என்று படத்தோடு ஒப்பிடுவார். எல்கோமீட்டரை வைத்துப் பெயிண்ட் படலம் எத்தனை மைக்ரான் என்று இடம் இடமாகக் குறிப்பார். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினாலோ, இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலோ பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது அங்கே பொதுவான விதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் வியர்க்கும்போது பெயிண்ட் அடித்தால் கொப்புளம் கிளம்பும் என்பதைக் கையால் கற்றவர் நம் இளைஞர். அதற்கான காரணத்தை வெப்பவியல் பாடத்தில் படித்தவரும் அவரேதான். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இந்த இரண்டும் தெரிந்த ஆள் எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே பயோடேட்டாவில் வெற்றிடத்தை நீக்கிவிட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தகைய கட்டடங்களில், எவ்வளவு பரப்பில், எந்த வகைப் பெயிண்டில், எத்தனை பேரை வைத்து வேலை செய்தார் என்று எழுதுங்கள். எபாக்ஸி பிரைமர், பாலியூரித்தேன், சாரம் கட்டி உயரத்தில் வேலை, அளவெடுத்து மதிப்பீடு போட்டது என எல்லாவற்றையும் அவரே சொல்ல விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரரிடமிருந்து அரைப் பக்கக் கடிதம் ஒன்று வாங்கினால் அதுவே அனுபவச் சான்று. பிறகு ‘பெயிண்டர்’ வேலைக்கு விண்ணப்பிக்காமல், பெயிண்டிங் தர ஆய்வு உதவியாளர் என்று கேட்டு விண்ணப்பிக்கச் செய்யுங்கள். பன்னாட்டுப் பூச்சு ஆய்வாளர் சான்றிதழ்கள் விலை கூடியவை. முதல் ஓராண்டு வேலை பார்த்த பிறகு நிறுவனத்தின் செலவிலேயே அதை எழுதலாம்.

பாகத்தை உடைக்காமலே உள்ளே உள்ள குறையைக் கண்டறியும் சிதைவிலாச் சோதனைப் (NDT) படிப்புகளைத் திருச்சியில் பல மையங்கள் நடத்துகின்றன. அல்ட்ராசோனிக், டை பெனட்ரன்ட் போன்ற சோதனை முறைகளில் இரண்டாம் நிலைச் சான்று பெற்றவருக்கு வேலை உண்டு. ஆனால் பணம் கட்டுமுன் அந்த மையத்தில் சான்றில் கையெழுத்திடும் மூன்றாம் நிலை நிபுணர் யார், கருவியை மாணவர் கையில் எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள் என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். கணக்குப் படித்தவர்களுக்குத் தஞ்சாவூர், கும்பகோணம் ஆடிட்டர் அலுவலகங்களும் அரிசி ஆலைகளும் ஜவுளிக் கடைகளும் உள்ளன, டேலியும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலும் தெரிந்தால் போதும். கணினி படித்தவர்களுக்கு நவல்பட்டு எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகம் கொட்டப்பட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா 2024இல் திறக்கப்பட்டது.

முதலாளியைப் பார்க்கும் முறை

வேலைவாய்ப்பு முகாம்களில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வழக்கத்துக்கு மாறான காகிதத்தை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் இருக்காது. பழக்கத்துக்கும் நேர்காணல் பயிற்சிக்கும் போகட்டும். உண்மையான வேலை, ஐம்பது பேர் முதல் இருநூறு பேர் வரை இருக்கும் நிறுவனத்தின் உரிமையாளரையோ ஒர்க்ஸ் மேனேஜரையோ நீங்கள் நேரில் பார்ப்பதில் இருக்கிறது. இளைஞரைக் கூட்டிப் போகுமுன் ஒரு முறை தனியாகப் போங்கள். அச்சங்களை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். பிறகு எழுத்தில் பதில் கொடுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, இக்கடிதம் கொண்டு வருபவர் எந்திரவியல் பட்டதாரி. தமிழ்நாடு அரசின் மறுவாழ்வு முகாமில் பதிவு பெற்று வசிக்கிறார். வட்டாட்சியரின் சான்று இணைக்கப்பட்டுள்ளது. முகாமில் ஆட்களைச் சரிபார்க்கும் மாதத் தணிக்கை நாளில் மட்டும் அவர் முகாமில் நேரில் இருக்க வேண்டும். அந்தத் தேதியை முன்கூட்டியே தெரிவிப்பார். வெளியூர்ப் பணிக்கு அனுப்புவதானால் முகாம் அலுவலகத்தில் அனுமதி பெற ஒரு வாரம் முன்னதாகச் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன். எந்த ஐயம் இருப்பினும் என்னைத் தொடர்பு கொள்ளலாம்.”

உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் அதன் கீழே இருக்க வேண்டும். பொறுப்பேற்கும் உள்ளூர் மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அந்தக் கடிதத்தின் பலம்.

நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் கேட்டால் காட்ட ஒன்று கைவசம் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களிக்கிறது. இது குடியுரிமை தரவில்லை. தனியாக வேலை உரிமையும் தரவில்லை. இதற்கு மேல் அதைப் பெரிதாக்கிச் சொல்லக் கூடாது. ஆனாலும் ‘இவர் இங்கே இருப்பதே குற்றமா?’ என்ற முதல் கேள்விக்கு இது தெளிவான பதில்.

அடுத்த தடை வருங்கால வைப்பு நிதி. 2008 அக்டோபர் முதல், இந்தியக் கடவுச்சீட்டு இல்லாத வெளிநாட்டுப் பணியாளர் ‘பன்னாட்டுப் பணியாளர்’ என்ற வகையில் வருகிறார். அவருக்குச் சம்பள உச்சவரம்பு பொருந்தாமல் முழுச் சம்பளத்துக்கும் சந்தா கட்ட வேண்டும். இதைக் கேட்டதும் சிறு நிறுவனங்கள் பின்வாங்குகின்றன. கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக 18,000 ரூபாய் என்றால், 15,000 ரூபாய் உச்சவரம்பின்படி கட்டும் நிறுவனம் மாதம் 1,800 ரூபாய் கட்டும், முழுச் சம்பளத்துக்கும் என்றால் 2,160 ரூபாய். வித்தியாசம் 360 ரூபாய். அந்தத் தொகைக்காக நல்ல ஆளை விட்டுவிட எந்த நியாயமான முதலாளியும் விரும்ப மாட்டார். எந்த வகையில் பதிவது என்பதை நிறுவனத்தின் பி.எஃப். ஆலோசகரிடம் சேருமுன்பே பேசி முடித்துவிடுங்கள். சேர்ந்த பிறகு பதிவு தடைபட்டால் சம்பளமும் தடைபடும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள்

பட்டுக்கோட்டை, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ப் பத்தாண்டு வெல்டராக, பைப் பிட்டராக இருந்துவிட்டு வந்தவர்களுக்கும் இதே நோய் வேறு வடிவில் இருக்கிறது. கையில் தொழில் இருக்கும், காகிதம் இருக்காது. குடியுரிமைச் சிக்கல் இல்லாததால் இவர்களுக்கு வழி நேரானது. அங்கே எழுதிய ஸ்கில் டெஸ்ட் சான்று, வெல்டர் தகுதிச் சான்று, சம்பளச் சீட்டு, பாதுகாப்புப் பயிற்சி அட்டை எது இருந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இன்னும் அங்கே இருப்பவரானால், புறப்படுமுன் அனுபவக் கடிதம் வாங்காமல் விமானம் ஏற வேண்டாம் என்று இன்றே தொலைபேசியில் சொல்லுங்கள்.

வெல்டருக்குக் காகிதத்தைவிடச் சோதனைத் தகடு பெரிது. 6ஜி நிலையில், அதாவது சாய்வாக நிறுத்திய குழாயைச் சுற்றி, ஒருவர் வெல்டிங் செய்து எக்ஸ்ரேயில் தேறிவிட்டால் அவரிடம் வேறு எதையும் கேட்க மாட்டார்கள். எனவே நிறுவனத்திடம் வேலை கேட்பதற்குப் பதிலாகச் சோதனை நாள் ஒன்றைக் கேளுங்கள். வெளிநாட்டில் ஆர்க் வெல்டிங் மட்டும் செய்து டிக் (TIG) வெல்டிங் பழகாதவர், அதற்கு முன் கொஞ்ச நாள் கைப்பழக்கம் செய்துகொள்வது நல்லது; திருச்சி பாரத மிகுமின் நிறுவன வளாகத்தில் 1975இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சிகளை நடத்துகிறது. கொதிகலன் வேலைக்குப் போவதானால் இந்தியக் கொதிகலன் விதிமுறைகளின்படியான வெல்டர் சான்று தனியே வேண்டும். வெளிநாட்டுச் சான்று அதற்கு ஈடாகாது. ஐ.டி.ஐ. படிக்காமல் தொழில் கற்றவர்கள், தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதும் வழியை அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் விசாரிக்கலாம்.

சேர்ந்த பிறகு

வேலை கிடைத்ததோடு நம் பங்கு முடியவில்லை. முகாமிலிருந்து வந்தவர் என்பதால் மற்றப் புதியவர்களைவிடக் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன. “எங்கே போய்விடப் போகிறார்” என்ற எண்ணம். நியமனக் கடிதத்தில் பதவியின் பெயரும் சம்பளமும் எழுத்தில் இருக்கின்றனவா, அதே படிப்புள்ள மற்றவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று முதல் மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் பாருங்கள். தர ஆய்வுக்கு என்று எடுத்துவிட்டு, ஆள் குறையும்போதெல்லாம் பெயிண்ட் அடிக்க அனுப்பினால் மேலாளரிடம் நீங்களே மரியாதையாகப் பேசுங்கள். புதிதாகச் சேர்ந்தவரால் அதைச் சொல்ல முடியாது. ஆறு மாதம் ஆனதும் அதே நிறுவனத்தில் இரண்டாவது இடம் ஒன்று காலியாகும்போது சொல்லும்படி உரிமையாளரிடம் கேட்டு வையுங்கள். முதல் ஆளை எடுக்கத் தயங்கியவர் இரண்டாவது ஆளுக்கு வட்டாட்சியர் சான்றும் பான் அட்டையும் மட்டும்தான் கேட்பார்.